தொழுவில் வெள்ளி

எங்கள் அத்தானுக்கு எதையும் சுண்டிப் பார்க்காமல் தொடத் தெரியாது. அத்தான் என்றால் என் மனைவியின் அண்ணன். ஆட்காட்டி விரலைப் பெருவிரலுக்குள் மடக்கி, நகத்தால் ‘டிங்’ என்று ஒரு தட்டு. தட்டிவிட்டு, சத்தம் அடங்கும்வரை காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். பெண் கொடுப்பதற்கு முன்னால் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்றைக்கே காப்பி டம்ளரைச் சுண்டினார், செம்பைச் சுண்டினார், பூஜை அறைக்குள் எட்டிப் பார்த்துக் குத்துவிளக்கையும் சுண்டினார். என் அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பித்தளைதான், பயப்படாதீய” என்றார். அத்தான் சிரிக்கவில்லை. “பித்தளைதான். ஆனா கலப்படம் சாஸ்தி” என்றார்.

திருநெல்வேலி டவுனில் ஒரு பாத்திரக்கடையில் அவருக்கு வேலை. பழைய பாத்திரம் மாற்ற வருகிறவர்களிடம் வாங்குவது அவர் பொறுப்பு. கடையில் சுண்டினால் அது தொழில். ஊரெல்லாம் சுண்டினால் அது வியாதி. என் மகள் பிறந்தபோது பார்க்க வந்தவர், பிள்ளையைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அதன் கையிலிருந்த காப்பைச் சுண்டினார். அப்படிச் செய்த தாய்மாமன் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மனிதர்கள் பேசுவதையும் அப்படித்தான் கேட்பார். யாராவது “வயித்துக்கு ரெண்டு நாளா சொகமில்ல” என்றால், அடுத்தது கைமாற்றுக் கேட்கப் போகிறான் என்று அவர் முகம் இறுகிவிடும். “அண்ணாச்சி நல்லாருக்கீயளா?” என்று கேட்டவனைப் பற்றி, “என்னத்துக்குக் கேக்கான் தெரியுமா மாப்ளே?” என்று என்னிடம் அரைமணி நேரம் விளக்குவார். ஒரு சொல் சும்மா வந்தது என்று அவர் கடைசிவரை நம்பியதில்லை.

என் மாமியார் ஆழ்வார்குறிச்சியில் பழைய வீட்டில் தனியாக இருந்தார். முன்னால் நீளமான வீடு, பின்னால் ஒரு மாட்டுத்தொழு. மாடு எல்லாம் எப்போதோ போய்விட்டது. கல்தூணும் ஓடும்தான் மிச்சம். ஒருநாள் காலையில் குளித்துவிட்டு வந்தவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அம்பாசமுத்திரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து நாங்கள் போய்ச் சேர்வதற்குள் மூச்சு நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தது, முந்தின நாளே ஊருக்கு வந்திருந்த அத்தான் மட்டும்தான்.

“அம்மா எதும் சொன்னாளாண்ணே?” என்று என் மனைவி அழுதுகொண்டே கேட்டாள்.

“நாக்கு கொளறிட்டு. ஒண்ணும் வெளங்கல” என்றார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. கொஞ்ச நாளில் தொழுவின் தரையெல்லாம் பெயர்ந்து கிடப்பதாக ஊரிலிருந்து தகவல் வந்தது. கேட்டதற்கு, தளம் போடப் போகிறேன் என்று அத்தான் சொன்னாராம். தளம் போடவில்லை. தோண்டிய மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத் திரும்பவும் தோண்டினார். வருஷ திவசத்துக்கு நாங்கள் போனோம். பந்தியில் உட்கார்ந்து என் மனைவி சோற்றில் கை வைத்த நேரம், அத்தான் வந்து எதிரே நின்றார். சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையாக இருந்தார்கள்.

“ஏட்டி, அம்மாகிட்ட இருந்து எடுத்துட்டுப் போனியே, அந்த வெள்ளி எல்லாம் பத்திரமா இருக்கா?”

“எந்த வெள்ளிண்ணே?”

“எந்த வெள்ளியா? தொழுவுல பானைக்குள்ள கெடந்த வெள்ளிக்காசு. ராணி தலை போட்டது. உனக்கு ஒண்ணுமே தெரியாது, பாவம்!”

அவள் இலையை மடக்காமல் அப்படியே எழுந்து வந்தாள். பஸ்ஸில் வரும்போது கை காய்ந்து சோறு ஒட்டியிருந்தது, கழுவக்கூடத் தோன்றவில்லை. அண்ணன் வீட்டில் பச்சைத்தண்ணீர் குடிப்பதை அன்றைக்கு விட்டாள். ஆனால் அண்ணனை விடவில்லை. “எங்கண்ணன் வாயால, நீ எடுக்கலட்டின்னு ஒரு வார்த்தை வந்திட்டாப் போதும்” என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். திருடி என்று நாலுபேர் முன்னால் சொன்னவனிடம் போய் நற்சான்றிதழ் வாங்க வேண்டுமா என்று கேட்பேன். கூடப்பிறந்தவர்கள் விஷயம், வந்து சேர்ந்தவனுக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன்.

அந்த ஐப்பசி மழையில் பழைய வீட்டுச் சுவர் ஒன்று சரிந்தது. மறுவருஷம் மீதியும் விழுந்தது. அத்தான் மரத்தையும் ஓடுகளையும் விற்றுவிட்டு, இடத்தை மட்டும் விற்காமல் வைத்துக்கொண்டார். கட்டவும் இல்லை. சுற்றுச்சுவர் இல்லாத மண்ணை நம் ஊரில் எத்தனை நாள் சும்மா விட்டுவைப்பார்கள்? முதலில் யாரோ ஒரு வாழைமட்டையைப் போட்டார்கள். அப்புறம் தெருவே போட்டது. கலர் பாட்டில் மூடி, மாத்திரை அட்டை, சவரப் பிளேடு, டார்ச் பேட்டரிக் கட்டை, பிராந்தி பாட்டில், கல்யாண வீட்டு எச்சில் இலை என்று எல்லாம் வந்து விழுந்து, மாமியார் கோலம் போட்ட இடத்தில் பன்றி மேய்ந்தது.

கடையிலிருந்து நின்றபிறகு அத்தான் அதே தெருவில் ஒரு சின்ன வீட்டுக்கு வாடகைக்கு வந்தார். வந்த கையோடு ஒரு மிஷினை வரவழைத்தார். நீளமான தடி, அதன் நுனியில் தோசைக்கல் மாதிரி ஒரு வட்டம், காதில் மாட்ட ஒரு ஹெட்போன். மண்ணுக்கு மேல் வட்டத்தைத் தடவிக்கொண்டே போனால் கீழே உலோகம் இருக்கிற இடத்தில் சத்தம் கொடுக்கும். இரும்பு என்றால் அடித்தொண்டையில் உறுமும். வெள்ளி என்றால் மணி மாதிரி உயர்ந்து கூவும். சுண்டியே வாழ்ந்த மனிதருக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் ஒரு சங்கடம். அலுமினியமும் வெள்ளியைப் போலவே கூவும். மாத்திரை அட்டை கூவும், பிராந்தி பாட்டில் மூடி கூவும், நெளிந்த டம்ளர் கூவும், பழைய அஞ்சு பைசா, பத்து பைசா எல்லாம் சேர்ந்து கோரஸாகக் கூவும். ஒவ்வொரு கூவலுக்கும் அவர் குந்தி உட்கார்ந்து சின்னக் கொத்தால் தோண்டுவார். தோண்டி எடுத்ததைத் துடைத்து, கல்லில் வைத்துச் சுண்டிப் பார்த்து, தூ என்று துப்பிவிட்டுத் தூக்கி எறிவார். எறிந்ததும் அதே குப்பையில்தான் விழும். மறுவாரம் அதுவே திரும்பவும் கூவும்.

டீக்கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். “அண்ணாச்சி, தலைவலி மாத்திரை தேடுதீயளா? நம்ம கடையிலயே ரெண்டு இருக்கு” என்பார்கள். அவர் காதில் ஹெட்போன் இருக்கும். அவருடைய சம்சாரம் கொஞ்ச நாள் பார்த்தார். பிறகு, “நீங்க மிஷினோடயே குடும்பம் நடத்துங்க” என்று சொல்லிவிட்டுக் கோயம்புத்தூரில் மகன் வீட்டுக்குப் போய்விட்டார்.

வழியில் பார்த்தபோது நான் ஒருமுறை கேட்டுவிட்டேன். நான் கணக்கு வாத்தியார். கணக்கு உதைத்தால் கேட்காமல் இருக்க முடியாது. “அத்தான், தங்கச்சிதான் எடுத்துட்டாங்கீய. பெறகு எதுக்குத் தோண்டுதீய?”

“எல்லாத்தையும் எடுத்திருக்க முடியாது மாப்ளே. பொம்பள கை எம்புட்டு அள்ளும்? சிந்தினது கெடக்கும்லா.”

கிடைத்தால் சிந்தியது; கிடைக்காவிட்டால் தங்கச்சி அள்ளியது. எப்படிப் போட்டாலும் விடை என் மனைவி தலையில் வந்து விழுகிற மாதிரி அவர் கணக்கு எழுதி வைத்திருந்தார்.

ஒருமுறை நாற்றம் தாங்காமல் தெருக்காரர்கள் புகார் கொடுத்து, குப்பையை அள்ள ஜேசிபி வந்தது. அத்தான் ஓடிவந்து அதன் முன்னால் படுத்துக்கொண்டார். அந்தக் குப்பையைப் போட்டவர்களைத் தினமும் வாய் ஓயாமல் வைதவர் அவர்தான்.

“அண்ணாச்சி, எந்திரிங்க. உங்க எடத்தச் சுத்தம் பண்ணித்தானே தாரோம்?” என்றான் வண்டிக்காரன்.

“குப்பைய மட்டும் அள்ளுவியாலே? மண்ணுல ஒரு பொடி உன் வண்டியில ஏறப்பிடாது. அள்ளுவியா?”

“அது எப்படி முடியும்?”

“அப்பப் போலே.”

வண்டி போய்விட்டது. குப்பை இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் குப்பைக்கு அவரே காவல்காரர் ஆனார். அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் போட்டுக்கொண்டார்.

இத்தனை வருஷத்தில் நிஜமான வெள்ளி என்று அவருக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்றுதான். தொழு இருந்த மூலையில், ஓட்டாஞ்சில்லுகளுக்கு அடியில், கன்னங்கரேலென்று கறுத்துப்போன ஒரு சின்னத் தண்டை. பிள்ளைகள் காலில் போடுவது, ஒற்றைத் தண்டை. அதைப் புளி போட்டுத் தேய்த்து, டீக்கடைப் பெஞ்சில் வைத்துச் சுண்டிக் காட்டினாராம். “கேட்டீயளா சத்தத்த? பானையில இருந்து சிந்தினது இது. எம் பேச்சப் பொய்யின்னீயளே!” அன்றிலிருந்து யாரும் கேலி செய்யவில்லை. தண்டையை அம்பாசமுத்திரத்தில் விற்று, மிஷினுக்கு இன்னும் பெரிய வட்டமாக ஒன்று வாங்கி மாட்டினார். அது ஆழத்துக்குக் கேட்குமாம்.

தண்டை கிடைத்த செய்தி எங்களுக்கு வந்தபோது, “பாத்தியா, ஒங்கண்ணன் சொன்னது நெசந்தான் போலிருக்கு” என்று நான் குத்தலாகச் சொன்னேன். என் மனைவி சிரிக்கவில்லை. “தண்டையா? என்ன தண்டை? எங்கன கெடந்ததாம்?” என்று கேட்டாள். தொழுவில் என்றேன். வெகுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். அண்ணன் திட்டியதை நினைக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

பிறகு எங்கள் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. தாய்மாமன் இல்லாமல் எப்படி? நான் வேண்டாம் என்றேன். அவள் தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், பத்திரிகை எல்லாம் எடுத்து வைத்துவிட்டு, “நீங்க வரலைன்னா நான் ஒத்தையில போறேன்” என்றாள். போனோம். அத்தான் வீட்டில் இல்லை. எங்கே இருப்பார் என்று யாரிடமும் கேட்க வேண்டியதும் இல்லை.

நல்ல வெயில். தலையில் துண்டு, காதில் ஹெட்போன், கையில் மிஷின். முகம் பாதியாகச் சுருங்கிப் போயிருந்தது. இவள் குப்பையின் ஓரத்தில் நின்று மூன்று தடவை கூப்பிட்டாள். கேட்கவில்லை. சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு, தட்டோடு குப்பைக்குள்ளேயே நடந்து போய் அவர் முன்னால் நின்றாள். நானும் பின்னால் போனேன்.

“அண்ணே, ஒம் மருமகளுக்குக் கல்யாணம். நீ வந்து முன்ன நின்னு நடத்தணும்.”

ஹெட்போனை ஒரு காதிலிருந்து மட்டும் விலக்கினார். தட்டைப் பார்த்தார். அது எவர்சில்வர்த் தட்டு, சுண்டக்கூட இல்லை.

“கல்யாணமா? நடத்துங்க, நடத்துங்க. வெள்ளி கெடக்கு, ஒங்களுக்கு என்ன கொற?”

“அத்தான், வார்த்தைய அளந்து பேசுங்க” என்றேன். இவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“எண்ணே, வெள்ளி வெள்ளிங்கியே. அம்மா உங்கிட்ட சொன்னாளா? என்ன சொன்னா? அவ சொன்னது மாறாம, அப்படியே சொல்லு. எம் மக கல்யாணத்துக்கு நீ வேற ஒண்ணும் செய்யாண்டாம். இத மட்டும் சொல்லு.”

இத்தனை வருஷம் யாருக்கும் சொல்லாதது. அன்றைக்குக் கோபத்தில் சொல்லிவிட்டார்.

“சொல்லுதேன். இனிமே மறைச்சு என்ன? ‘தொழுவுல... வெள்ளி... தங்கச்சிக்கு... மறந்துராத.’ இம்புட்டுத்தான். உனக்குக் குடுக்கச் சொன்னா. நான் மறைச்சேன், ஒத்துக்கிடுதேன். நான் மூத்தவன், எனக்கு இல்லையான்னு வயிறு எரிஞ்சுது, மறைச்சேன். ஆனா நீ அதுக்கு முன்னாலயே அள்ளிட்டியேட்டி! அதான் எனக்கு ஆறல.”

பானை இல்லை, காசு இல்லை, ராணி இல்லை. மாமியார் சொன்னது நாலு வார்த்தை. மற்றதெல்லாம் இவர் காதுக்குள் செய்து வைத்துக்கொண்டது.

என் மனைவி அந்தக் குப்பையிலேயே உட்கார்ந்துவிட்டாள். தட்டு சரிந்து பழம் உருண்டது. அவமானத்தில் அழுகிறாள் என்று நினைத்துத் தூக்கப் போனேன். என்னைத் தள்ளிவிட்டாள்.

“கெழமைண்ணே. அம்மா சொன்னது வெள்ளிக்கெழமை.”

“என்னது?”

“தங்கச்சின்னா நான் இல்ல. நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல ஒருத்தி பொறந்து, அம்மை போட்டுச் செத்துப்போனால்லா, அவ. வெள்ளிக்கெழமை தவறாம அம்மா அவளுக்குத் தொழுவுல வெளக்கு வைப்பா. நான் எண்ணெய் கொண்டு போவேன். நீ டவுண்ல கெடந்த, உனக்குத் தெரியாது. அந்த வெளக்க மறந்துராதன்னுதாண்ணே உங்கிட்ட சொல்லிருக்கா.”

எங்கள் பக்கத்தில் சிறுவயதில் போய்ச் சேர்ந்த பெண்பிள்ளையை வீட்டுக் கன்னி என்று வைத்து விளக்கேற்றுவது உண்டு. பெரும்பாலும் அது பெண்கள் காரியம், ஆண்கள் கண்டுகொள்வதில்லை. எங்கள் வீட்டிலும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் புறவாசலில் ஒரு அகல் எரியும். லட்சுமிக்கு என்று நான் நினைத்திருந்தேன். கேட்டதே இல்லை.

அத்தான் மிஷினைக் கீழே சாய்த்தார். முகத்தில் இருந்த இறுக்கம் மெல்லக் கழன்றது. செத்துப்போன அந்தச் சின்னவளை அவர் பார்த்திருப்பார், தூக்கிக்கூட வைத்திருப்பார். இப்போது நினைவு வருகிறது என்று தோன்றியது. சொல்லிவிடுவார், அந்த ஒரு வார்த்தை வந்துவிடும் என்று நான்கூட நம்பினேன். அவரைப் பற்றி நான் செய்த தவறான கணக்கு அது ஒன்றுதான்.

“அப்ப அந்தத் தண்டை?” என்றார்.

“அவ கால்ல கெடந்தது. கழத்தி, வெளக்கு வைக்கிற எடத்துக்குக் கீழயே பொதைச்சிட்டேன்னு அம்மா சொல்லுவா.”

“ரெண்டு காலுலயும் போட்டிருந்தாளோ?”

“ஆமாண்ணே.” அண்ணனும் அழப் போகிறான் என்று நினைத்து அவர் கையைப் பிடிக்க எழுந்தாள்.

“அப்போ இன்னொண்ணு இங்கனதான் கெடக்கணும்” என்றார். ஹெட்போனை இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, தொழு இருந்த மூலைக்கு நடந்தார்.

கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. பெரியப்பா மகன் ஒருவர் மாமன் இடத்தில் நின்றார். தாலி கட்டுகிறவரைக்கும் இவள் மண்டப வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை புறவாசலில் வழக்கம்போல விளக்கு வைத்தாள். இனிமேல் ஆழ்வார்குறிச்சிப் பக்கம் போக மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

அத்தானுக்குச் சர்க்கரை உடம்பு. குப்பையில் கிடந்த துருப்பிடித்த தகரம் ஒன்று காலைக் கிழித்தது. மஞ்சளை அப்பிக்கொண்டு தோண்டினார். கால் கறுத்து, காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது காலம் கடந்துவிட்டது. இன்னொரு தண்டை கிடைத்ததா என்று யாருக்கும் தெரியாது. கிடைத்திருந்தால் அதையும் விற்றிருப்பார்.

சாவுச் செய்தி வந்ததும் வாடகைக் காரில் புறப்பட்டோம். வழியெல்லாம் இவள் கண்ணில் ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அம்பாசமுத்திரம் பஜாரில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். மாலை வாங்கப் போகிறாள் என்று பார்த்தால் நகைக்கடைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் கையை மூடிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். என்ன என்று கேட்டேன். “போகச் சொல்லுங்க” என்றாள்.

நாங்கள் போனபோது குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் சந்தனம் அப்பியாகிவிட்டது. அதில் பதிக்க மகன் சட்டைப்பையில் ஒரு ரூபாய்க் காசு தேடிக்கொண்டிருந்தான். இவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைமாட்டுக்குப் போனாள். மூடியிருந்த கையைத் திறந்து, புத்தம்புது வெள்ளிக்காசு ஒன்றை எடுத்து அவர் நெற்றியில் வைத்து, கட்டைவிரலால் அழுத்தினாள்.

பக்கத்தில் நின்ற தெருப் பெரியவர் பதறிப்போனார். “எம்மா, எரிக்கப்போற உடம்புக்கு வெள்ளி எதுக்கு? நெத்திக்காசுக்கு ஒத்த ரூவா போதுமே?”

“எங்கண்ணனுக்குப் போதாது” என்றாள்.